கேள்வி-பதில்: இசைத்தட்டில் பயணம் செய்த சாவி

கேள்வி: கணினி இல்லாத காலத்தில் தொலைபேசி உரையாடலை எப்படி மறைத்தார்கள்? தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த என் தந்தையார், போர்க்காலத்தில் வல்லரசுத் தலைவர்களின் பேச்சைக் குழப்பி அனுப்பினார்கள் என்றும், ஒட்டுக்கேட்பவர் காதில் அது வாத்து கத்துவதைப் போலத்தான் விழும் என்றும் சொல்வார். (வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: உங்கள் தந்தையார் சொன்னது உண்மைதான், அந்த வாத்துச் சத்தத்தை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொலைபேசி வந்த ஐந்தே ஆண்டுகளில், 1881-ல், ஜேம்ஸ் ஹாரிஸ் ராஜர்ஸ் என்ற அமெரிக்கர் பேச்சைத் துண்டு துண்டாக்கி வெவ்வேறு கம்பிகளில் மாற்றி மாற்றி அனுப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு கம்பியில் மட்டும் காது வைத்தவனுக்கு அரைகுறைப் பேச்சுதான் கிடைக்கும். வானொலி அலை வழியே பேசத் தொடங்கியபோது பிரித்து அனுப்பக் கம்பி இல்லாமல் போனதால், உச்சத்தில் உள்ள ஒலியைத் தாழ்த்தி, தாழ்ந்ததை உயர்த்தித் தலைகீழாக்கும் கருவிகள் வந்தன. பினாங்கில் சிறுவர்களாக இருந்தபோது நாங்கள் பெரியவர்களுக்குப் புரியக்கூடாது என்று ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'க' சேர்த்து, 'நீ வா' என்பதைக் 'கநீ கவா' என்று பேசுவோம். பாட்டி இரண்டே நாளில் அதைப் பிடித்துக்கொண்டார். தலைகீழ் ஒலியின் கதியும் அதுதான். பழகிய காதுக்கு அது புரிந்துவிடும்.

ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் பயன்படுத்திய 'ஏ-3' என்ற கருவி இதைவிடச் சற்றுக் கெட்டிக்காரத்தனமானது. அது குரலைத் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை ஐந்து பட்டைகளாக வெட்டி, இடம் மாற்றி, அந்த வரிசையையும் 20 நொடிக்கு ஒரு முறை மாற்றியது. அப்படியிருந்தும் ஜெர்மன் அஞ்சல் துறையின் பொறியாளர்கள் ஹாலந்துக் கடற்கரையில் ஒரு நிலையம் அமைத்து, 1942-ல் அந்த உரையாடல்களைப் பேசப் பேசவே பிரித்துக் கேட்டார்கள். ஒலியை எவ்வளவு கலைத்துப் போட்டாலும் அது ஒலியாகவே இருப்பதால், அதன் சாயல் எங்காவது எட்டிப் பார்த்துவிடுகிறது.

எண்களை மறைப்பதற்கு அப்போதே ஒரு வழி இருந்தது. 1917-ல் கில்பர்ட் வெர்னம், தந்தி அச்சுப் பொறியின் துளையிட்ட நாடாவோடு, 'சாவி' (செய்தியை மறைக்கவும் மீட்கவும் உதவும் இரகசிய வரிசை) பதித்த நாடா ஒன்றைக் கூட்டி அனுப்பும் முறையைக் கண்டுபிடித்தார். அந்தச் சாவி எந்த ஒழுங்கும் இல்லாததாக இருக்க வேண்டும், ஒரு முறைக்கு மேல் பயன்படக்கூடாது என்பதை ஜோசப் மாபோர்ன் என்ற இராணுவ அதிகாரி வலியுறுத்தினார். இந்த முறையைக் குரலுக்குப் பொருத்த வேண்டுமானால் முதலில் குரலை எண்ணாக்க வேண்டும். அதற்குப் பெல் ஆய்வுக்கூடத்தின் ஹோமர் டட்லி உருவாக்கிய, குரலைப் பட்டைகளாகப் பிரித்து அளக்கும் 'வோகோடர்' என்ற கருவி கைகொடுத்தது.

இப்படிப் பிறந்த கருவியின் பெயர் 'சிக்சாலி'. 1943 ஜூலை 15-ஆம் நாள் பென்டகனுக்கும் லண்டனுக்கும் இடையே அது பேசத் தொடங்கியது. ஒரு முனையத்தின் எடை 50 டன்னுக்கு மேல். அதில் கருவிகளை அடுக்கி வைத்த சட்டகங்கள் சுமார் 40 இருந்தன. லண்டன் முனையம் செல்ஃப்ரிட்ஜஸ் பேரங்காடியின் நிலவறையில் ஒளிந்திருந்தது. (மேலே விற்பனை, கீழே போர் இரகசியம், நம் கோலாலம்பூர்ப் பேரங்காடிகளின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்த இடம் தேடும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.)

அது வேலை செய்த விதம் எளிமையானது. குரலின் ஒவ்வொரு பட்டையும் நொடிக்கு 50 முறை அளக்கப்பட்டு, 0 முதல் 5 வரை உள்ள ஆறு எண்களில் ஒன்றாக மாறும். குரல் 4, சாவி 5 என்றால் கூட்டுத்தொகை 9. ஆறைத் தாண்டியதால் ஆறைக் கழித்து, 3 என்று அனுப்புவார்கள். மறுமுனையில் 3-லிருந்து 5 போகாதாகையால் ஆறைக் கடன் வாங்கிக் கழித்தால், பழைய 4 திரும்பி வந்துவிடும். நடுவில் கேட்பவனுக்குக் கிடைக்கும் 3, எந்தக் குரலிலிருந்தும் வந்திருக்கக்கூடும்.

சாவி எண்களைப் பாதரச ஆவிக் குழாயின் இரைச்சலிலிருந்து எடுத்து இசைத்தட்டில் பதித்தார்கள். ஒரு தட்டு 12 நிமிடம் ஓடும். முனைக்கு ஒன்றாக இரண்டே பிரதிகள், பயன்படுத்தியதும் அழிக்கப்படும். கடலுக்கு அப்பாலும் இப்பாலும் இரு தட்டுகளும் ஒரே கணத்தில், ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். எங்கள் வீட்டுப் பழைய கிராமபோனில் ஊசியைச் சரியான வரியில் வைக்கவே எனக்குக் கை நடுங்கும் என்பதால், அந்த இயக்குநர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

கேள்வி: குரலை மறைப்பதற்கும், வங்கி அட்டையின் இரகசிய எண்ணை மறைப்பதற்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? (வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: குரல் எண்ணாகிவிட்ட பிறகு இரண்டும் ஒன்றுதான். வங்கிப் பக்கத்தில் தொடங்கியவர் ஐபிஎம் நிறுவனத்தின் ஹார்ஸ்ட் ஃபைஸ்டல். அவர் வடிவமைத்த 'லூசிஃபர்' என்ற மறைக்கும் முறை, 1970-களின் தொடக்கத்தில் லாய்ட்ஸ் வங்கியின் பணம் வழங்கும் இயந்திரங்களுக்காகப் பயன்பட்டது. அதைத் திருத்தி 1977-ல் அமெரிக்க அரசு 'டெஸ்' என்ற தரமாக அறிவித்தது. அதன் சாவி 56 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) நீளம். அதாவது சாவிகளின் எண்ணிக்கை 72-க்குப் பின் ஏறத்தாழ 15 சுழியங்கள். சாவி இவ்வளவு குட்டையாக இருக்கலாமா என்று அன்றே கேள்வி எழுப்பியவர்கள் சொன்னது சரி என்பது 1998-ல் தெரிந்தது. அதற்கென்றே கட்டப்பட்ட ஓர் இயந்திரம் 56 மணி நேரத்தில் சாவியைக் கண்டுபிடித்தது.

ஆனால் என்னை அதிகம் கவர்வது வேறொரு தொடர்பு. இசைத்தட்டானாலும் கணினிச் சாவியானாலும் அதை மறுமுனைக்கு ஆள் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டுமா? பிரிட்டிஷ் உளவு அமைப்பான ஜிசிஎச்கியூவில் வேலை செய்த ஜேம்ஸ் எல்லிஸ், பெல் நிறுவனத்தின் போர்க்கால அறிக்கை ஒன்றைப் படித்தார். தொலைபேசியின் மறுமுனையில் பேச்சைப் பெறுபவரே இணைப்பில் இரைச்சலைச் சேர்த்து, தாம் சேர்த்ததைத் தாமே கழித்துக்கொண்டால் பேசுபவருக்குச் சாவியே தேவையில்லை என்பது அதில் இருந்த யோசனை. மறைக்கும் வேலையில் பெறுபவருக்கும் பங்கு கொடுக்கலாம் என்பதை அதிலிருந்து பிடித்துக்கொண்ட எல்லிஸ், முன்கூட்டியே சாவி பரிமாறாமல் இரகசியம் அனுப்ப முடியும் என்று 1970-ல் எழுதினார். அதற்கான கணக்கை 1973-ல் கிளிஃபோர்ட் காக்ஸ் போட்டுக் காட்டினார்.

கேள்வி: அப்படியானால் இந்தப் பெருமை ஏன் அமெரிக்கப் பேராசிரியர்களுக்குப் போனது? (அதே வாசகர்)

பதில்: அவர்கள் வெளிப்படையாக வெளியிட்டார்கள். டிஃபியும் ஹெல்மனும் 1976-லும், ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் 1977-லும் தாமாகவே அதே முடிவுக்கு வந்தார்கள். எல்லிஸின் பணி இரகசியக் கோப்பிலேயே கிடந்தது. 1997 டிசம்பரில்தான் அது பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. எல்லிஸ் அதற்குச் சில வாரங்களுக்கு முன், நவம்பரில் காலமாகியிருந்தார்.