மகளிர் தொழில்முறை சைக்கிள் பந்தயத்தில் கறுப்பின வீராங்கனைகள் ஏன் இவ்வளவு குறைவு?

திறமைக் குறைவு காரணமன்று. அணிகள் ஆள் தேடுவது பெரும்பாலும் ஐரோப்பிய இளையோர் பந்தயங்களில்தான். டிரினிடாட்டின் டெனியல் கேம்பலால்கூட, சுவிட்சர்லாந்தின் ஏகில் நகரிலுள்ள உலக சைக்கிள் மையத்தில் பயிற்சி பெற்ற பிறகே 2020இல் ஓர் இத்தாலிய அணியில் சேர முடிந்தது. அமெரிக்காவின் அயிஷா மெக்கோவனுக்கோ, முதல் கறுப்பின அமெரிக்கத் தொழில்முறை வீராங்கனையாவதே தம் இலக்கு என்று வெளிப்படையாக அறிவித்துப் பல ஆண்டுகள் போராடி, முப்பது வயதைக் கடந்த பின்னரே லிவ் அணியில் இடம் கிடைத்தது. பலர் ஓய்வை எண்ணிப் பார்க்கும் வயது அது.

உலக அணிகள் எனப்படும் உச்சநிலை அணிகளில் மகளிருக்குக் குறைந்தபட்ச ஊதியமே 2020இல்தான் வந்தது, அதுவும் ஆண்டுக்கு 15,000 யூரோ. கைக்காசு போட்டு ஐரோப்பாவில் தங்க வழியில்லாதவர்கள் அந்த நிலையை எட்டுவதற்கு முன்பே விலகிவிடுகிறார்கள். விசா இன்னொரு தடை. ஆப்பிரிக்க மண்ணில் முதன்முறையாக 2025இல் ருவாண்டாவின் கிகாலியில் உலகச் சாலை சைக்கிள் சாம்பியன் போட்டி நடந்தது நல்ல செய்திதான்; ஆனால் ஒரு வாரத் திருவிழாவைவிட, ஆண்டுதோறும் அங்கேயே நடக்கும் மகளிர் பந்தயங்களே அதிகம் உதவும் என்பது என் கருத்து.