இடப்பக்கம் திரும்பும் கார்களும் பங்கு கேட்கும் ரசிகர்களும்

கேள்வி: அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தைச் சில வாரங்களாகத் தொலைக்காட்சியில் பார்த்தேன். மூன்று மணி நேரத்துக்குமேல் கார்கள் இடப்பக்கமாகவே சுற்றுகின்றன. கூட்டமோ பீரும் கையுமாக ஆர்ப்பரிக்கிறது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடியை அங்கே ஏந்தியவர்களும் இவர்கள்தானே? அந்தக் கொடியைத் தடை செய்ததும் ரசிகர்கள் விலகிவிட்டார்கள் என்றும் படித்தேன். இதையெல்லாம் விளையாட்டு ரசனை என்று எப்படிச் சொல்வது? நம் ஊர் நரேன் கார்த்திகேயன் அங்கே போய் ஓட்டியதுதான் எனக்கு வருத்தம்.
– ஒரு வாசகர், கோவை

பதில்: கொடியைப் பற்றி நீங்கள் எழுதியதில் பாதி சரி, அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். இடப்பக்கத் திருப்பம் பற்றிய ஏளனம் அமெரிக்காவிலும் பழையது. அங்கும் அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பந்தயத்தைப் பொறுமையாகப் பார்க்காதவர்கள். டெய்டோனா ஓடுதளத்தின் வளைவுகள் 31 டிகிரியும், டாலடேகாவின் வளைவுகள் 33 டிகிரியும் சாய்ந்தவை. அந்தச் சரிவில் ஏறத்தாழ நாற்பது கார்கள், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றின் பின்பக்கத்தை மற்றொன்று உரசும் நெருக்கத்தில் ஓடுகின்றன. முன்னால் செல்லும் கார் காற்றைப் பிளந்து கொடுக்க, ஒட்டி வரும் கார் அதில் பயன் பெறுகிறது. இரண்டும் சேர்ந்து ஓடினால் தனியே ஓடும் காரைவிட வேகம் கூடுகிறது. ஆகவே யாரோடு சேர்வது, எந்தச் சுற்றில் அவரைக் கைவிடுவது என்பதுதான் அங்கே ஆட்டமே. இதைக் கண்ணால் மட்டும் பின்தொடர முடியாது என்பதால், ரசிகர்கள் ஸ்கேனர் என்னும் சிறு வானொலிக் கருவியை வாடகைக்கு எடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தம் ஓட்டுநர் தம் குழுவினரோடு பேசுவதை, டயர் தேய்மானம் முதல் முன்னால் போகிறவர் மீதான வசவு வரை, பந்தயம் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பீர் டப்பாவைக் கவனித்த நீங்கள் அந்த ஹெட்போனையும் கவனித்திருக்கலாம்.

அந்த ரசிகர் தம்மை அரங்குக்கு வந்த விருந்தாளியாகக் கருதுவதில்லை, பங்காளியாகக் கருதுகிறார். அவரிடம் உள்ள நல்லதும் கெட்டதும் இந்த உரிமையுணர்விலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து.

அந்த உணர்வுக்கு வரலாறு இருக்கிறது. வட கரோலினாவின் மலைப்பகுதிகளில் காய்ச்சிய கள்ளச்சாராயத்தை இரவோடு இரவாக நகரங்களுக்குக் கொண்டுபோக, வெளியே சாதாரணக் காராகத் தெரியும்படியும் உள்ளே போலீஸ் வண்டியை மிஞ்சும்படியும் மாற்றியமைத்த கார்களை ஓட்டியவர்கள்தாம் இந்தப் பந்தயத்தின் முன்னோடிகளில் ஒரு பகுதியினர். பில் ஃபிரான்ஸ் 1948-இல் நாஸ்கார் அமைப்பைத் தொடங்கி, கடையில் விற்கும் நிலையிலேயே கார்கள் ஓட வேண்டும் என்ற விதியோடு 1949-இல் சார்லட்டில் நடத்திய முதல் பந்தயத்தில், முதலாவதாக வந்த காரின் பின்பக்க ஸ்பிரிங்குகள் சாராயச் சுமை தாங்குவதற்காக மாற்றப்பட்டிருந்தன. அதனால் வெற்றி இரண்டாவதாக வந்தவருக்குப் போயிற்று. வில்க்ஸ் மாவட்டத்துக்காரரான ஜூனியர் ஜான்சன் தந்தையின் சாராய அடுப்பருகே பிடிபட்டுச் சிறை சென்றவர். திரும்பி வந்து மொத்தம் ஐம்பது பந்தயங்களை வென்றார். 1986-இல் குடியரசுத் தலைவர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். ஓட்டுகிறவர் தம் ஊர்க்காரர், ஓடுவது தம் வீட்டு வாசலில் நிற்பதைப் போன்ற வண்டி என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே வேர்விட்டுவிட்டது.

அந்த நெருக்கத்தைப் பிற்கால நட்சத்திரங்களும் காப்பாற்றினார்கள். 200 வெற்றிகள் கண்ட ரிச்சர்ட் பெட்டி, கேட்டவர்க்கெல்லாம் சளைக்காமல் கையெழுத்திட்டே பெயர் வாங்கியவர். இன்றும் பல ஓடுதளங்களுக்குக் குளிர்பெட்டியில் சொந்த உணவையும் பானத்தையும் எடுத்துச் செல்லலாம். பந்தயத்துக்கு முன் டெய்டோனாவின் தடத்தில் இறங்கித் தொடக்கக் கோட்டின்மீது தம் பெயரை எழுதிவிட்டு வரும் குடும்பங்கள் உண்டு. டாலடேகாவின் உள்வட்ட மைதானத்தில் வாகன வீடுகளை நிறுத்திப் பல நாட்கள் தங்குபவர்களுள் சிலர் ஆண்டுதோறும் அதே அண்டை வீட்டாரோடு அடுப்பு மூட்டுகிறார்கள். ஓட்டுநரின் காரில் எந்தச் சோப்புத் தூளின் பெயர் இருக்கிறதோ அதையே வாங்குகிற விசுவாசமும் உண்டு. விளம்பரதாரர்களுக்கு இதைவிட இனிய செய்தி கிடையாது. எனக்கு இது சற்று அதிகமாகவே படுகிறது.

டேல் எர்ன்ஹார்ட்டின் கதையைப் பார்த்தால் இந்த உறவின் முழு வீச்சும் தெரியும். நெசவாலை ஊரான கன்னபொலிஸில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, ஏழு முறை சாம்பியனானவர். 3 என்ற எண் பொறித்த அவருடைய கறுப்பு ஷெவர்லே பின்னால் வந்து இடித்து வழி வாங்கும் என்பது எல்லோரும் அறிந்தது. ஆலைத் தொழிலாளர்கள் அவரில் தங்களையே பார்த்தார்கள். 2001 பிப்ரவரி 18 அன்று டெய்டோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அவர் சுவரில் மோதி இறந்தார். அந்த ஆண்டின் எஞ்சிய பந்தயங்களில், மூன்றாவது சுற்று வந்ததும் அரங்கமே எழுந்து மூன்று விரல்களை உயர்த்தி நின்றது. தொலைக்காட்சி வர்ணனையாளர்களும் அந்தச் சுற்று முழுவதும் பேசாதிருந்தார்கள். அதே ரசிகர் கூட்டத்திலிருந்துதான், விபத்தின்போது எர்ன்ஹார்ட்டின் காரோடு உரசிய ஸ்டெர்லிங் மார்லினுக்குக் கொலை மிரட்டல்களும் போயின. பழி சுமத்த வேண்டாம் என்று இறந்தவரின் மகனே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. துக்கமும் வெறியும் ஒரே உரிமையிலிருந்து வந்தவை. ஒன்றை மட்டும் பாராட்டிவிட்டு மற்றொன்றை மறைக்க நான் தயாராக இல்லை.

ஜெஃப் கார்டன் பட்ட பாடும் இதுவே. கலிஃபோர்னியாவில் பிறந்து, வானவில் நிறக் காரில் வந்து, தெளிவான ஆங்கிலம் பேசி வென்றுகொண்டே இருந்த அவரைத் தெற்கத்திய ரசிகர்களில் பலர் வெளியாளாகவே பார்த்தார்கள். 2007 ஏப்ரல் 29, எர்ன்ஹார்ட்டின் பிறந்தநாள். அன்று டாலடேகாவில் வென்று அவருடைய 76 வெற்றிகளைக் கார்டன் தாண்டியபோது, ஓடுதளத்தில் பீர் டப்பாக்கள் மழையாகப் பொழிந்தன.

நரேனுக்காக வருந்த வேண்டாம். 2010-இல் அவர் ஓட்டியது பிக்கப் டிரக் வண்டிகள் ஓடும், நாஸ்காரின் டிரக் தொடரில். விரல்விட்டு எண்ணத்தக்க பந்தயங்களே ஓட்டினார், ஒன்றிலும் வெல்லவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு அத்தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் என்ற விருது அவருக்கே கிடைத்தது. அது ரசிகர்கள் வாக்களிக்கும் விருது. அந்த வாக்குகளில் கோவை விரல்களுக்கும் பங்கிருந்திருக்கும் என்பது என் ஊகம். நாஸ்காரின் தொடர்களில் முதல்நிலையான உச்சத் தொடரில் இதே விருதை எர்ன்ஹார்ட்டின் மகன் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் 2003 முதல் 2017 வரை தொடர்ந்து பதினைந்து முறை பெற்றார்; அந்த ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூடச் சாம்பியன் ஆகவில்லை. நம்மவருக்கு நாம் வாக்களித்ததைப் பற்று என்றும், அவர்கள் தம்மவருக்கு அளித்ததை முரட்டுத்தனம் என்றும் சொல்வது சரியாகாது.

இனி கொடி. அதைப் பாரம்பரியச் சின்னம் என்று சொல்லித் தப்பிக்கும் ரசிகர்களை நான் ஏற்கவில்லை. வெண்டல் ஸ்காட் என்ற கறுப்பின ஓட்டுநர் 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் வென்றார். கோப்பையோ அன்று வெள்ளையரான பக் பேக்கரிடம் தரப்பட்டது. கணக்கில் தவறு என்று பின்னர் ஒப்புக்கொண்டார்கள். கோப்பை ஸ்காட்டின் குடும்பத்துக்கு முறையாக வந்துசேர்ந்தது 2021-இல், அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. உச்சத் தொடரில் அப்போது முழுநேரம் ஓட்டிய ஒரே கறுப்பினரான பப்பா வாலஸ் கோரிய பின், 2020 ஜூன் 10 அன்று நாஸ்கார் அந்தக் கொடியைத் தடை செய்தது. அடுத்து டாலடேகாவில் பந்தயம் நடந்தபோது வெளிச்சாலையில் கொடி கட்டிய வண்டிகள் ஊர்வலம் போயின. மேலே ஒரு விமானம் அதே கொடியை இழுத்துப் பறந்தது. பங்காளி உரிமையின் மிக இழிந்த முகம் இதுதான்: பாகம் எனக்கு மட்டுமே, நீ வேலிக்கு வெளியே நில் என்பது.

ஆனால் தடையால்தான் கூட்டம் கலைந்தது என்று நீங்கள் படித்தது தவறு, காலவரிசைப்படியே தவறு. பிரிஸ்டல் ஓடுதளத்தில் 1982 முதல் தொடர்ந்து 55 பந்தயங்களுக்கு டிக்கெட்டுகள் முழுதும் விற்றுத் தீர்ந்தன; அந்தத் தொடர் 2010-இல் அறுந்தது. டெய்டோனாவில் 40 கோடி டாலர் செலவில் 2016-இல் முடிந்த சீரமைப்பு, நிரந்தர இருக்கைகளை 1,01,500 ஆகக் குறைத்தது. இவையெல்லாம் தடைக்கு முன்பே நடந்தவை. 2008-இன் பொருளாதாரச் சரிவில் பெட்ரோலுக்கும் விடுதிக்கும் பணமில்லாமல் போனவர்கள் பலர். அதற்கு முன்பே நிர்வாகம் புதிய நகரங்களைத் தேடி நார்த் வில்க்ஸ்பரோ, ராக்கிங்ஹாம் போன்ற பழைய ஓடுதளங்களைக் கைவிட்டிருந்தது. 2004-இல் தொடங்கிச் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் விதியை மீண்டும் மீண்டும் மாற்றியபோது, ஆண்டு முழுவதும் புள்ளிக் கணக்கு வைத்துப் பார்த்தவர்கள் தம் கணக்கேடு பிடுங்கப்பட்டதாக உணர்ந்தார்கள். இந்த மனக்குறையில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஜூனியர் ஜான்சனின் மாவட்டத்திலுள்ள அந்த நார்த் வில்க்ஸ்பரோவில் 1996-உடன் உச்சத் தொடர் நின்றுபோனது. தடத்தின் விரிசல்களில் களை முளைத்தது. 2019 டிசம்பரில் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் ஆட்களோடு வந்து களை பிடுங்கினார், கணினிப் பந்தய விளையாட்டுக்காக அந்தத் தடத்தைப் பதிவு செய்வதற்காகவாவது அது இருக்கட்டும் என்று. மீட்க வேண்டும் என்ற ரசிகர்களின் குரல் ஓயவில்லை. 2023 மே மாதம், சாம்பியன் புள்ளிகளில் சேராத சிறப்புப் பந்தயமான நாஸ்காரின் ஆல்ஸ்டார் பந்தயம் அங்கே நடந்தது. கொடித் தடை அப்போதும் அமலில்தான் இருந்தது. டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன.