பக்கத்து ஊராட்சியோட சேந்து வேல பாக்குறது எப்படி? உங்க கேள்விக்கு என் பதில்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டத்துல ஊராட்சி ஒன்றிய ஆபீஸ்ல கிளார்க்கா சேந்து 31 வருஷம் வேல பாத்து ரிட்டயர் ஆனவன் நான். பக்கத்து பக்கத்துல இருக்குற ஊராட்சி, பேரூராட்சி, கொம்யூன் (புதுச்சேரியில நம்ம ஊராட்சி மாதிரி இருக்குற உள்ளாட்சி) எல்லாம் சேந்து செலவ கொறைக்க முடியுமான்னு கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்னு போன வாரம் சொல்லிருந்தேன். வந்த கேள்விய வரிசையா எடுக்குறேன்.

நெல்லிக்குப்பம் பக்கத்துலேந்து ஒரு முன்னாள் வார்டு மெம்பர்: சார், எங்க ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் நடுவுல ஒரு வாய்க்கா தான் இருக்கு. ரெண்டு ஊருக்கும் தனித்தனியா குப்ப வண்டி, ரெண்டுமே ரிப்பேர். சேந்து ஒன்னா ஓட்டலாம்னா யாரும் ஒத்து வரமாட்றாங்க. எங்கேந்து ஆரம்பிக்கிறது?

டீசல்லேந்து ஆரம்பிங்க. நல்லெண்ணம், ஒத்துமை எல்லாம் முதல் கூட்டத்துல எல்லாரும் பேசுவாங்க, யாரும் மறுக்க மாட்டாங்க, ஆனா வண்டி நிக்கிறது டீசல்லயும் டயர்லயும் தான். நான் வேல பாத்த ஒன்றியத்துல ரெண்டு ஊராட்சி சேந்து ஒரு டிராக்டர் ஓட்டுனாங்க, நாலு மாசம் பிரமாதமா போச்சு, அப்புறம் பின் டயர் வெடிச்சுது. வெடிச்சது இவங்க எல்லையில, ஓட்டுன டிரைவர் அவங்க ஊரு. யாரு மாத்துறதுன்னு பேசிப் பேசியே ஏழு மாசம் அந்த டிராக்டர் வேப்ப மரத்தடியில நின்னுது. நான் போய் பாத்தப்ப ஸ்டியரிங்ல கோவக்கொடி சுத்தி பழம் பழுத்து தொங்குது. இத்தனைக்கும் சண்டை போட்ட ரெண்டு தலைவரும் ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தி மொற.

அப்புறம் என்ன பண்ணோம்னா, ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குனோம். டிராக்டர்ல இஞ்சின் எத்தன மணி ஓடுச்சுன்னு காட்டுற ஹவர் மீட்டர் இருக்கும்ல, கெளம்பும்போது எத்தன மணி, திரும்பும்போது எத்தன மணி, எந்த ஊரு வேல, எத்தன லிட்டர் டீசல், டிரைவர் கையெழுத்து, அந்த ஊரு செயலர் கையெழுத்து. மாசக் கடைசியில மணிக்கணக்குல செலவ பிரிக்கிறது. அது போக ஓடுன ஒவ்வொரு மணிக்கும் இவ்ளோ ரூபான்னு ரெண்டு ஊரும் ரிப்பேருக்குன்னு தனியா எடுத்து வச்சிடணும், வண்டி நல்லா ஓடும்போதே. அந்த நோட்டு வந்த அப்புறம் சண்டையே வரல. நீங்களும் வண்டி வாங்குறதுக்கு முன்னாடி நோட்ட வாங்குங்க.

பண்ருட்டிலேந்து ஒரு தம்பி: ஐயா, இப்படி சேர்றதுக்கு சட்டத்துல எடம் இருக்கா?

இருக்கு தம்பி. 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்துலயே ஒரு ஊராட்சி இன்னொரு உள்ளாட்சியோட சேந்து கூட்டுக் குழு போட்டுக்க வழி இருக்கு. மாவட்ட அளவுல கிராமத்துக்கும் டவுனுக்கும் பொதுவா இருக்குற தண்ணி மாதிரி விஷயத்த சேத்து திட்டம் போடத்தான் மாவட்ட திட்டக் குழுன்னு அரசியல் சட்டம் 243ZD பிரிவுல சொல்லிருக்கு. சட்டத்துல தடை இல்ல, கேக்க ஆளு இல்ல, அதான்.

ஒரு அக்கா (ஊரு போட வேணாம்னு சொன்னாங்க): செப்டிக் டேங்க் லாரி ராத்திரியில ஆத்தோரம் கொட்டிட்டு போறான். எங்க ஊராட்சியால ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியுமா?

தனியா முடியாதும்மா, கட்டவும் வேணாம். ஒரு ஊரு கழிவு அதுக்கு பத்தாது, நிலையம் பாதி நாள் சும்மா கெடக்கும். செங்கல்பட்டு மாவட்டத்துல கருங்குழின்னு ஒரு பேரூராட்சி, அங்க கட்டுன நிலையத்துக்கு பக்கத்துல இருக்குற மதுராந்தகம் நகராட்சி கழிவும் வருது. கோயம்புத்தூர் பக்கம் பெரியநாயக்கன்பாளையமும் நரசிம்மநாயக்கன்பாளையமும் ரெண்டு பேரூராட்சிக்கும் ஒன்னுதான் வச்சிருக்காங்க. லாரிக்காரன் ஆத்தோரம் போறதுக்கு முக்கிய காரணம், கொட்ட வேண்டிய எடம் தூரமா இருக்கு, டீசல் கட்டாது. பக்கத்துலயே எடம் இருந்து, போற ட்ரிப்ப பதிவு பண்ணி, பதிவு இல்லாத லாரிய புடிச்சா சரியா வந்துடும். நாலு ஊரு சேந்து உங்க ஒன்றியத்துல எழுத்துல கேளுங்க. ராத்திரியில லாரிய மறிக்க மட்டும் தனியா போவாதீங்க.

ஒருத்தர்: சேந்து வேல பாத்தா நாளைக்கு எங்க ஊர மாநகராட்சியில சேத்துட மாட்டாங்களா? நூறு நாள் வேலயும் போயிடும், வரியும் ஏறிடும்.

இந்த பயம் நியாயமான பயம், கடலூர் 2021ல மாநகராட்சி ஆனதுலேந்து சுத்து ஊர்ல எல்லாம் கேக்குறேன். ஆனா இணைக்கிறது வேற, சேந்து வேல பாக்குறது வேற. ஊரு ஊராவே இருக்கும், வரி உங்க வரி, மன்றம் உங்க மன்றம். வண்டி மட்டும் பொது. இன்னும் சொல்லப்போனா பக்கத்து ஊரோட சேந்து குப்ப, தண்ணி ஒழுங்கா நடத்துற ஊரு தான் "எங்களால சமாளிக்க முடியும், எங்கள சேக்காதீங்க"ன்னு தைரியமா சொல்லலாம்.

பாகூர்லேந்து ஒருத்தர்: அண்ணே, நீங்க தமிழ்நாடு, நாங்க புதுச்சேரி. நடுவுல தென்பெண்ணை. ஆறு ரெண்டு பேரையும் தான் முழுங்குது. இதுக்கு என்ன பண்றது?

இந்த கேள்விக்காகத்தான் நான் உக்காந்ததே. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரைய கடந்துது, புதுச்சேரியில ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல மழ. அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சா, டிசம்பர் 2 விடியக்காலையில தென்பெண்ணையில மேல இருக்குற சாத்தனூர் அணையிலேந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணி. இந்தப் பக்கம் நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, அந்தப் பக்கம் சோரியாங்குப்பம், கொமந்தான்மேடு. தண்ணிக்கு மாநில எல்லையில இருக்குற முள்ளோடை செக்போஸ்ட் தெரியுமா?

ரெண்டு மாநிலம்ங்கறதால ஊராட்சியும் கொம்யூனும் நேரா ஒப்பந்தம் போட முடியாது, ரெண்டு அரசும் சேந்து தான் கையெழுத்து போடணும். அதுக்காக சும்மா இருக்கணும்னு இல்ல. மழைக்கு முன்னாடி, ஆத்தோரம் இருக்குற ரெண்டு பக்க ஊராட்சி செயலர், கிராம நிர்வாக அலுவலர், கொம்யூன் இளநிலை பொறியாளர் (ஜே.இ.), இவங்க போன் நம்பர ஒரே தாள்ல அடிச்சு ரெண்டு பக்கமும் ஒட்டுங்க. ஆத்துல மேல இருக்குற சொர்ணாவூர் அணைக்கட்டுல தண்ணி எவ்ளோ போகுதுன்னு அங்க இருக்குறவர் ஒருத்தர் சொன்னா கீழ இருக்குற எல்லாரும் ஆடு மாட்ட அவுத்து மேட்டுக்கு ஓட்ட நேரம் கெடைக்கும். அப்புறம் வாய்க்கா தூர்வார்ற தேதி. எல்லையில இருக்குற வாய்க்கால்ல ஒரு பக்கம் ஆகஸ்ட்ல வாரி, இன்னொரு பக்கம் நவம்பர் வரைக்கும் வாரலன்னா முதல்ல செலவு பண்ண காசு தண்ணியில தான் போகும். தேதிய ஒன்னா வைக்க எந்த அரசு உத்தரவும் வேணாம்.

புதுச்சேரி காலேஜ் ஸ்டூடண்ட்: எங்க கொம்யூன்ல தேர்தலே இல்லையே சார், யார்ட்ட போய் பேசுறது?

உண்மைதான்மா, அது பெரிய கொற. புதுச்சேரியில உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1968லயும் 2006லயும் தான். எங்க கடலூர் பக்கமும் 2025 ஜனவரி 5ஓட ஊராட்சித் தலைவர், மெம்பர் பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் கைக்கு போச்சு. இப்போதைக்கு கொம்யூன் கமிஷனருக்கு மனு குடுங்க, ஆனா தேர்தல கேக்குறதையும் விடாதீங்க, அதிகாரி மாறுனா ஒப்பந்தம் மறந்து போயிடும், ஓட்டு கேக்க வர்றவரால அப்படி மறக்க முடியாது. இன்னொன்னு, கொம்யூன்ங்கற பேரே பிரான்ஸ்லேந்து வந்தது. அங்க இன்னிக்கும் கிட்டத்தட்ட 35,000 கொம்யூன் இருக்கு, நெறைய ஊர்ல சில நூறு பேரு தான். தண்ணி, குப்பைக்கு எல்லாம் சேந்து ஒரு கூட்டமைப்பு வச்சுக்கலாம்னு 1890லயே அங்க சட்டம் வந்துடுச்சு. ஊரையும் அழிக்கல, வேலையும் நடக்குது. பேர மட்டும் நம்ம கைல குடுத்துட்டு போயிட்டாங்க.

ஒரு சார்: அரசாங்கம் என்ன பண்ணா ஊராட்சிங்க தானா சேரும்?

காசு. ஒன்றிய அரசு ஊராட்சிகளுக்கு குடுத்த 15வது நிதிக்குழு மானியத்துல 60 சதவீதம் தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டி வச்சாங்கல்ல, அதே மாதிரி ரெண்டு ஊரு சேந்து எஸ்டிமேட் போட்டா கொஞ்சம் கூடுதல்னு ஒரு வரி போட்டா போதும். அதோட ஆடிட். பக்கத்து ஊருக்கு டீசல் ஏன் போட்டன்னு ஆட்சேபணை எழுதிட்டா அந்த செயலர் ஜென்மத்துக்கும் சேர மாட்டாரு, இதுக்கு ஒரு தெளிவான சுற்றறிக்கை வேணும். இந்த மாவட்டத்துல 683 கிராம ஊராட்சி, எல்லாம் சேர வேணாம், பத்து ஜோடி ஓடுனா மத்தவங்க பாத்து வருவாங்க.

கடைசியா, குறிஞ்சிப்பாடி பக்கத்துலேந்து ஒரு அம்மா: நான் சாதாரண ஆளு. கிராம சபையில என்னன்னு கேக்கணும்?

மார்ச் 22, தண்ணீர் தினத்து கிராம சபைய புடிங்கம்மா. பக்கத்து ஊர்லயும் அன்னிக்கே நடக்கும், அங்க தெரிஞ்சவங்க ஒருத்தர பேசி வச்சுக்கங்க. ரெண்டு ஊர்லயும் ஒரே வாசகம்: "பக்கத்து ஊராட்சியோடு சேர்ந்து குப்பை வண்டி ஒன்றை பொதுவாக இயக்கவும், செலவை ஓடிய மணிக்கணக்கில் பிரித்துக்கொள்ளவும் கூட்டுக் குழு அமைக்க இச்சபை தீர்மானிக்கிறது." தீர்மான நோட்டுல எழுதுறத பக்கத்துல நின்னு பாருங்க, தீர்மான எண்ண குறிச்சுக்கங்க, எழுதி முடிக்காம கீழ கையெழுத்து போடாதீங்க.