அத்தையின் பெட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க வரலாற்றாசிரியர் மேரி ரிட்டர் பியர்டு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பெண்களின் ஆவணங்களைக் காக்கப் பாடுபட்டவர் தன் கடிதங்களையே அழித்தது முரண் இல்லையா? வரலாற்றுப் பேராசிரியையாக இருந்த என் அத்தை காலமாகிவிட்டார். அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் பற்றிய அவருடைய குறிப்புகளை நூலகத்துக்குத் தர விரும்புகிறேன். எந்த நூலகம் நல்லது? வீட்டுக் கணக்கு, சொந்தக் கடிதங்களை எரித்துவிடலாம் என்கிறார் அண்ணன். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆனால் அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே அழுகை வருகிறது.

வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அண்ணனிடமிருந்து தீப்பெட்டியை வாங்கி வையுங்கள். எந்த நூலகம் என்பதெல்லாம் அப்புறம்.

முரண்தான், அதற்கென்ன? 1935-இல் பெண்களுக்கான உலக ஆவண மையத்தைத் தொடங்கி, கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் அனுப்புங்கள் என்று ஊரெல்லாம் கேட்டவர் மேரி. பணம் சேரவில்லை, உள்ளே பூசல் வேறு. 1940-இல் மையம் மூடப்பட்டது. தங்கள் கடிதங்களில் பெரும்பகுதியை அவரும் கணவர் சார்லஸும் அழித்தார்கள். சொந்த வாழ்க்கை ஊருக்கு எதற்கு என்ற எண்ணம். உங்கள் அண்ணனும் அதைத்தானே சொல்கிறார்?

விளைவைப் பாருங்கள். அமெரிக்க நாகரிகத்தின் வளர்ச்சி பற்றி 1927-இல் இருவரும் சேர்ந்து ஒரு பெரிய நூல் எழுதினார்கள். அட்டையில் இரண்டு பெயர்கள். பாராட்டு மட்டும் பெரும்பாலும் சார்லஸுக்கே போனது. எந்தப் பகுதி யாருடையது, யார் யாரைத் திருத்தினார்கள் என்று இன்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்கக்கூடிய காகிதங்கள் சாம்பலாகிவிட்டன. வாக்குரிமைக்காக உழைத்த பெண்ணின் எழுத்துரிமைக்குச் சாட்சி இல்லை! அந்தச் சாட்சி எங்கே இருந்திருக்கும்? கணவனும் மனைவியும் எழுதிக்கொண்ட, நீங்கள் ‘சொந்தம்’ என்று ஒதுக்குகிற கடிதங்களில்தான். படித்த வீட்டுப் பெண் நீங்கள், இதைக்கூடவா யோசிக்கவில்லை?

என் பெரியம்மா மாதர் சங்கத்தில் பேச வேண்டியதைப் பால் கணக்கு நோட்டில்தான் எழுதுவார். ‘பால் 3 ஆழாக்கு, பாக்கி’ என்று ஒரு வரி; அதன் கீழேயே ‘சகோதரிகளே, சொத்தில் நமக்குப் பங்கு’ என்று பென்சிலில் ஒரு வரி. இதில் எந்த வரி நூலகத்துக்கு, எந்த வரி அடுப்புக்கு? அவர் போன பிறகு உறவினர் ஒருவர் அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டார். இன்றும் அவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

அழுகை வந்தால் அழுங்கள் அம்மா. ஆனால் கட்டுகளைப் பிரிக்காதீர்கள். அத்தை வைத்த வரிசையிலேயே இருக்கட்டும். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய கடிதங்களை உறையிலிட்டு, இத்தனை ஆண்டுகள் திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். அந்த நிபந்தனையை ஏற்கும் ஆவணக்காப்பகங்கள் உண்டு. அண்ணனுக்குக் கூச்சமாக இருந்தால் அவர் படிக்காமல் இருக்கட்டும்.