இரண்டு தலையுடன் பிறந்த கன்றைப் பார்க்க ஏன் இவ்வளவு கூட்டம்?

கோத்தகிரிப் பக்கம் இரண்டு தலைக் கன்று பிறந்ததாகச் செய்தி பரவினால் ஊரே திரள்வது ஏன், அது தெய்வக் குறியா என்று கேட்டிருக்கிறீர்கள். குறி அல்ல, கருவில் நேர்ந்த வளர்ச்சிப் பிழை. ஒரே கரு இரட்டையாகப் பிரியத் தொடங்கி, முழுமையாகப் பிரியாமல் நின்றுவிடுவதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். வேறு சில குறைகளுக்குத் தீவனமும் காரணமாகலாம்: அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் செம்மறிக் குட்டிகள் ஒற்றைக் கண்ணோடு பிறந்ததை 1950களில் ஆராயத் தொடங்கியவர்கள், சினையான 14ஆம் நாளையொட்டித் தாய் ஆடுகள் மேய்ந்த ஒரு காட்டுச் செடியின் நஞ்சே அதற்குக் காரணம் என்று கண்டறிந்தனர்.

கன்று என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பழகிப்போன கண், பாதி தெரிந்ததாகவும் பாதி புதியதாகவும் நிற்கும் உருவத்தை விட்டு எளிதில் விலகாது. பழைய பாபிலோனியர்கள் இத்தகைய பிறப்புகளுக்குப் பலன் சொல்லிக் களிமண் பலகைகளில் தொகுத்தே வைத்திருந்தார்கள். ஆகவே இந்த ஆர்வம் நம் மலைக்கு மட்டும் உரியதன்று.

என்னை வருத்துவது கன்றின் நிலைதான். தலைப்பாரத்தால் அதனால் கழுத்தைத் தூக்க முடியாது. அண்ணம் பிளந்திருந்தால், குடிக்கும் சீம்பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நீலகிரிக் குளிரில், ஈரம் காயாத கன்றை வாசலில் கிடத்திப் படம் எடுப்பது கொடுமை. அதைத் துடைத்து, சாக்கு விரித்த கொட்டகையில் படுக்கவைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். இத்தகைய கடினமான ஈற்றில் தாய்ப்பசுவின் கருப்பை கிழிந்திருக்கக்கூடும் என்பதால், அதையும் அவர் பார்த்தாக வேண்டும்.