பழைய எச்ஓ ரயில் பெட்டிகளுக்குச் சில்லும் கொளுக்கியும் மாற்றினால் தடம் புரள்வது நிற்குமா?

வீட்டில் எச்ஓ அளவில் (நிஜ ரயிலை 87இல் ஒரு பங்காகச் சிறிதாக்கிய மாதிரி ரயில்) பதினான்கு பழைய பெட்டிகள் இருக்கின்றன, எல்லாம் 80களில் வாங்கியவை, முன்னுக்கு இழுத்தால் ஓடுகின்றன, பின்னுக்குத் தள்ளினால் வளைவில் கவிழ்கின்றன, முதலில் எதை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சில்லு. பெட்டியோடு பெட்டியைக் கோக்கிற கொளுக்கி பிறகுதான். நான் இதைத் தலைகீழாகச் செய்து ஒரு வருடக் காசைக் கரைத்தவன்.

கல்லடியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் ஓடுவது, பெரிய மாமா கனடாவில் இருந்து வரும்போது ஒவ்வொரு முறையும் நாலைந்தாகக் கொண்டுவந்த பெட்டிகள். கொம்பு மாதிரி வளைந்த பிளாஸ்டிக் கொளுக்கிதான் எல்லாவற்றிலும். எனக்கு அது பிடிக்கவில்லை. உடனே கேடீ என்ற அமெரிக்க நிறுவனத்தின் 5ஆம் இலக்கக் கொளுக்கி எடுப்பித்து, உயரம் பார்த்துப் பார்த்துப் பூட்டினேன். (கீத், டேல் என்ற சகோதரர்களின் முதல் எழுத்துகள்தான் அந்தக் கேடீ.) நாலு மாதம் கழித்து உலோகச் சில்லு வந்தது. பழையதை விட விட்டம் கொஞ்சம் பெரிது. பெட்டி உயர்ந்தது, கொளுக்கியும் கூடவே உயர்ந்தது. சில்லு மாற்றிய பெட்டியின் கொளுக்கி மாற்றாத பெட்டியின் கொளுக்கிக்கு மேலால் வழுகிப் போய், பாதி ரயில் வளைவிலேயே நின்றுவிட்டது. எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டினேன். கொளுக்கியின் நடு, தண்டவாளத்தின் மேற்பரப்பில் இருந்து 9.9 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். கடைசியில் பூட்டப்போகிற சில்லு எதுவென்று முடிவாகாமல் அந்த உயரத்தை எப்படி அளப்பது?

சில்லு வாங்கும்போது மூன்று அளவு பாருங்கள். விட்டம்: அமெரிக்கச் சாமான் பெட்டிக்கு நிஜத்தில் 33 அங்குலச் சில்லு, எச்ஓவில் சுமார் 9.6 மி.மீ. பயணிகள் பெட்டிக்கு 36 அங்குலம், 10.5 மி.மீ. லண்டனில் இருந்து வந்த ஓஓ பெட்டி (எச்ஓவை விடக் கொஞ்சம் பெரிய பிரித்தானிய அளவு) என்றால் கணக்கு வேறு, சாமான் பெட்டிக்கே 12.6 மி.மீ. வரும், தண்டவாளம் இரண்டுக்கும் ஒரே 16.5 மி.மீ. என்பதால் கடைக்காரர்களே சில நேரம் கலந்து விடுகிறார்கள். அடுத்தது அச்சின் நீளம். பழைய அச்சைக் கழற்றி, முனைக்கு முனை வேர்னியரில் அளந்துவிட்டுத்தான் ஓடர் கொடுங்கள். அரை மில்லிமீற்றர் கூடினால் போகி (அச்சுகளைத் தாங்கும் சட்டம்) இறுகிச் சில்லு சுழலாது, குறைந்தால் பெட்டி தள்ளாடும். மூன்றாவது, இரண்டு சில்லுகளின் உட்பக்க இடைவெளி: 14.4க்கும் 14.6க்கும் இடையில் இருக்க வேண்டும். பொயின்டில், அதாவது தண்டவாளம் பிரிகிற இடத்தில், மட்டும் பெட்டி துள்ளுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பழைய பிளாஸ்டிக் சில்லு தண்டவாளத்தில் கறுப்பாக ஒரு பிசுக்கைப் பூசிக்கொண்டே போகும். உலோகம் மாற்றியதும் என் துடைக்கிற வேலை பாதியாகக் குறைந்தது. ஆனால் ஒரு பக்கச் சில்லாவது அச்சில் இருந்து மின்தடுப்போடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு தண்டவாளமும் சோர்ட் ஆகிவிடும். இரும்பு அச்சு வேண்டாம். கடற்காற்றுக்குத் துரு பிடிப்பது ஒன்று. கேடீ கொளுக்கியைக் கழற்றத் தண்டவாளத்துக்கு நடுவில் காந்தம் வைப்பீர்கள் அல்லவா, இரும்பு அச்சு அந்தக் காந்தத்தில் இழுபட்டுப் பெட்டி தானாகவே நகரும்.

இனி நீங்கள் சொன்ன பின்னோக்கித் தள்ளும் பிரச்சினை. பழைய பெட்டிகளில் கொளுக்கி போகியோடு சேர்ந்து இருக்கும். தள்ளும்போது அந்த விசை போகியைப் பக்கவாட்டில் திருப்பிச் சில்லைத் தூக்கிவிடுகிறது. போகியில் கொளுக்கியைத் தாங்கி நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கை வெட்டி எடுத்துவிட்டு, கொளுக்கி இருக்கும் சிறு கூட்டைத் தரைத்தட்டுக்குக் கீழே திருகாணியால் பூட்டினால் இது நிற்கும். நீளமான பயணிகள் பெட்டிக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். உங்கள் வளைவு 18 அங்குல ஆரை என்றால் தரைத்தட்டில் பூட்டிய கொளுக்கி பக்கத்துப் பெட்டியையே வெளியே இழுத்துப் போட்டுவிடும். அவற்றில் போகியிலேயே இருக்கட்டும்.

பாரமும் பாருங்கள். அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் பரிந்துரைப்பது ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறு அங்குலப் பெட்டி என்றால் நாலு அவுன்ஸ், கிட்டத்தட்ட 113 கிராம். என் பெட்டிகள் இதில் பாதிகூட இல்லை. வீச்சுவலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்கித் தட்டி உள்ளே ஒட்டினேன். வெள்ளைப் பசை பாவிக்க வேண்டாம். ஈயத்தோடு சேர்ந்து நாளடைவில் பொருமிப் பெட்டியைப் பிளந்துவிடும். இரண்டு குழாய் கலக்கிற எப்பொக்சிதான் சரி. வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

காசு குறைவென்றால் பதினான்குக்கும் கொளுக்கி மாற்றத் தேவையில்லை. எப்போதும் ஒன்றாகவே ஓடுகிற ஐந்து பெட்டி இருந்தால் உள்ளே பழைய கொம்புக் கொளுக்கியே இருக்கட்டும், இரண்டு நுனிக்கு மட்டும் புதியது. நான் ஒரு பெட்டிக்கு ஒரு பக்கம் பழையது, மறுபக்கம் கேடீ பூட்டி, நடுவில் இணைப்பாக வைத்திருக்கிறேன். சில்லை மட்டும் எல்லாவற்றுக்கும் மாற்றுங்கள்.

முதலில் இரண்டே இரண்டு பெட்டிக்குச் செய்து, அவற்றை எஞ்சினுக்குப் பின்னால் கோத்து, உங்கள் மிக இறுக்கமான வளைவில் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். கவிழ்வது நின்றால் மற்றப் பன்னிரண்டுக்கும் சாமான் எடுப்பியுங்கள்.