பின்னானவைகளை மறப்பது என்றால் என்ன? ஒரு போதகரின் கேள்வி பதில்

பாளையங்கோட்டை மத்திய சிறையில் நீண்ட காலம் ஊழியம் செய்து ஓய்வுபெற்றவன் நான். பழசை விட்டுவிட்டு விசுவாசத்தில் நடப்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். எனக்குத் தெரிந்ததற்குப் பதில் எழுதுகிறேன். ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு வராதீர்கள். அதன் முன்னும் பின்னும் வாசித்துவிட்டு வாருங்கள்.

ஸ்தோத்திரம் ஐயா. இரட்சிக்கப்படுவதற்கு முன் சீட்டு நடத்திப் பலரை ஏமாற்றினேன். "பின்னானவைகளை மறந்து" என்று பவுலே சொல்கிறார், அது பழைய மனுஷன் செய்தது, விட்டுவிடு என்கிறது எங்கள் ஜெபக்குழு. எனக்கு மனசு கேட்கவில்லை.

மனசு கேட்காமல் இருப்பது நல்லது தம்பி. அந்த வார்த்தை பிலிப்பியர் 3:13இல் வருகிறது. அந்த அதிகாரத்தை 4ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். எட்டாம் நாளில் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், பரிசேயன் என்று தன் பெருமைகளைத்தான் பவுல் வரிசையாகச் சொல்லி, குப்பை என்று தள்ளுகிறார். சபையைத் துன்பப்படுத்தியதை அவர் ஒருநாளும் மறக்கவில்லை. 1 கொரிந்தியர் 15:9இல் எழுதுகிறார், 1 தீமோத்தேயு 1:13இல் எழுதுகிறார், அகிரிப்பா ராஜாவின் முன்னும் வெளிப்படையாகச் சொல்கிறார். எந்த எருசலேமில் விசுவாசிகளை இழுத்துக்கொண்டு போய்க் காவலில் போட்டாரோ, அதே எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் சேர்ந்த பணத்தைத் தானே சுமந்து போகிறார் (ரோமர் 15:25-26). இது பரிகாரம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ஆனால் "பின்னானவைகளை மறந்து" என்று எழுதிய மனுஷன் நடந்த பாதை அது.

வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்று இயேசுவிடம் சொன்னான். லேவியராகமம் 6 முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. கர்த்தர் உங்களை மன்னித்தார், சரி. சீட்டு கட்டியவர்களுடைய பணம் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. பெயரும் தொகையும் எழுதிப் பட்டியல் போடுங்கள். அதில் விதவையோ கூலி வேலை செய்பவரோ இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். நேரில் போய், மாதம் இவ்வளவு முடியும் என்று சொல்லி, கொடுக்கிறதற்கு எழுதி வாங்குங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதால், இந்தக் கடன் தசமபாகத்துக்கு முந்தியது என்பது என் கருத்து. கொடுத்து முடிக்கும்வரை சாட்சி சொல்ல மேடை ஏறாதீர்கள்.

ஐயா, என் கணவர் குடித்துவிட்டு அடிப்பார். பலமுறை மன்னித்துத் திரும்பிப் போனேன். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். "ஏழெழுபது தரம் மன்னி, பழசை மறந்து போ" என்கிறார்கள் சபைப் பெரியவர்கள்.

போகாதீர்கள் அம்மா. மன்னிப்பது வேறு, திரும்பப் போய் அந்த வீட்டில் இருப்பது வேறு. 1 சாமுவேல் 24இல் தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவைத் தாவீது கொல்லாமல் விடுகிறான். சவுல் சத்தமிட்டு அழுகிறான், நீ என்னைவிட நீதிமான் என்கிறான். அதற்குப் பிறகு தாவீது அரண்மனைக்குத் திரும்பவில்லை. தன் ஆட்களோடு அரணான இடத்துக்கு ஏறிப் போய்விட்டான். யோசேப்பும் தன்னை விற்றுப்போட்ட சகோதரரைக் கண்டவுடன் தன்னை வெளிப்படுத்தவில்லை. தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அவர்களில் ஒருவனான யூதா முன்வந்த பிறகுதான் வாய் திறந்தான். அழுகையை மட்டும் பார்த்து அவன் முடிவெடுக்கவில்லை.

ஏழெழுபது தரம் என்பது மத்தேயு 18இல் வருகிறது. குற்றம் செய்தவனிடம் முகத்துக்கு நேரே சொல்லு, கேளாவிட்டால் சாட்சிகளோடு போ, அப்புறம் சபைக்குச் சொல்லு என்பதும் அதே அதிகாரம்தான். அந்தப் பெரியவர்கள் இதுவரை உங்கள் கணவரிடம் போனார்களா? பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி குடும்ப வன்முறைக்கென்று பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் புகார் கொடுக்கலாம். அது விசுவாசக் குறைவு ஆகாது.

எத்தனை நாள் உபவாசம் இருந்தால் பழைய நினைவுகள் போகும்?

அப்படி ஒரு கணக்கு வேதத்தில் இல்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை இலவசம்.

எங்கள் தாத்தா மந்திரவாதி. வீட்டில் யாருக்கும் கல்யாணம் அமையவில்லை. பரம்பரை சாபத்தை உடைக்கும் ஜெபத்துக்கு ஒரு ஊழியர் காணிக்கை கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்கக்கூடாது. எசேக்கியேல் 18 முழுவதும் இதைப் பற்றித்தான்: தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை.

குறுக்கிடுகிறேன் ஐயா. யாத்திராகமம் 20:5இல் பிதாக்களுடைய அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிப்பேன் என்று இருக்கிறதே?

அங்கேயே "என்னைப் பகைக்கிறவர்களை" என்றும் இருக்கிறது. இந்த வீட்டுப் பிள்ளைகள் கர்த்தரைத் தேடுகிறவர்கள். அடுத்த வசனம் அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் என்கிறது. ஆயிரத்தை விட்டுவிட்டு நாலைப் பிடித்துக்கொண்டு ஏன் பயப்படுகிறீர்கள்? யூதாவின் ராஜா ஆமோன் பொல்லாதவன், அவன் மகன் யோசியா எட்டு வயதில் ராஜாவாகிக் கர்த்தருக்குச் செம்மையானதைச் செய்தான். அவனுக்கு யாரும் சாபம் உடைக்கவில்லை.

ஆனால் குடியும் தற்கொலையும் சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதைக் கண்ணால் பார்க்கிறோமே.

நானும் பார்த்திருக்கிறேன். அப்பா உள்ளே இருந்த அதே சிறைக்கு மகனும் வந்ததைப் பார்த்திருக்கிறேன். குடி நோய்க்குப் பரம்பரைக் கூறும் உண்டு, வீட்டில் பார்த்துப் பழகுவதும் உண்டு. அதை நோய் என்று சொன்னால் சிகிச்சைக்குப் போவான். சாபம் என்று சொன்னால் காணிக்கை கொடுத்துவிட்டு மறுபடி குடிக்கப் போவான். முன்னோர்களிடமிருந்து பாரம்பரியமாக வந்த வீணான நடத்தையிலிருந்து கிறிஸ்துவின் இரத்தத்தால் மீட்கப்பட்டீர்கள் என்று 1 பேதுரு 1:18-19 சொல்கிறது. அதற்கு மேல் யாருக்கு என்ன கட்டணம்?

நீங்கள் சி.எஸ்.ஐ.காரர் (தென்னிந்தியத் திருச்சபை), சாபத்திலிருந்தும் பிசாசிலிருந்தும் விடுவிக்கும் விடுதலை ஊழியத்தின் வல்லமை உங்களுக்குத் தெரியாது.

விடுதலையை நான் மறுக்கவில்லை. மாற்கு 5இல் பிசாசு பிடித்துக் கல்லறைகளில் கிடந்தவனிடம் இயேசு அவன் தாத்தா யார் என்று கேட்கவில்லை, காசும் வாங்கவில்லை. குணமானவன் கூடவே வருகிறேன் என்றபோது, உன் வீட்டுக்குப் போய் உன் இனத்தாரிடம் சொல் என்று அனுப்பினார். அவனுடைய ஊழியம் அங்கே இருந்தது. சாபம் பற்றி இன்னும் பலர் கேட்டிருக்கிறீர்கள். மேலே எழுதியதுதான் எல்லோருக்கும் பதில். இதோடு நிறுத்துகிறேன்.

"அமேசிங் கிரேஸ்" பாட்டை எழுதிய ஆங்கிலேயர் ஜான் நியூட்டன் ஒரே புயலில் மனம் மாறி அடிமை வியாபாரத்தை விட்டார் என்று கூட்டத்தில் சொன்னார்கள். எனக்கு ஏன் அப்படி நடக்கவில்லை?

அவருக்கும் அப்படி நடக்கவில்லை. புயலில் அவர் கர்த்தரைக் கூப்பிட்டது 1748இல். அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனானார். 1754இல் உடல்நலம் கெட்டுக் கடலை விட்டார். 1764இல் குருவானவரானார். அந்த வியாபாரத்தின் கொடுமையை, தன் பங்கையும் சேர்த்து, அவர் அச்சில் வெளியிட்டது 1788இல். பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன்னும் சாட்சி சொன்னார். 1807இல் வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது. அதே வருடம் இறந்தார். புயலுக்கும் அந்த அறிக்கைக்கும் நடுவில் 40 வருடம். அவர் பழசை மூடி வைத்திருந்தால் அந்தச் சாட்சியே கிடைத்திருக்காது. மேடையில் கதையைச் சுருக்குகிறவர்கள் உங்களைப் போன்றவர்களைத்தான் சோர்ந்துபோக வைக்கிறார்கள்.

கிறிஸ்துவுக்குள் எல்லாம் புதிதாயின என்கிறோம். வரன் பார்க்கும்போது மட்டும் சாதி கேட்கிறார்களே?

நம் சபைகள் விடவேண்டிய பழசில் முதலாவது இது. கலாத்தியர் 3:28ஐ நற்கருணை நாளில் வாசித்துவிட்டு, கல்யாணத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் மறப்பது பாவம்.

ஐயா, எத்தனை நாள் உபவாசம்...

மேலே பாருங்கள்.

கொலை வழக்கில் தண்டனை முடிந்து வந்திருக்கிறேன். இறந்தவர் குடும்பம் எங்கள் தெருவில்தான் இருக்கிறது. போய்க் காலில் விழட்டுமா?

இப்போது போகாதீர்கள் தம்பி. நீங்கள் வாசலில் நின்றால் அவர்களுக்கு அந்த நாள் திரும்ப வரும். மன்னிப்பு கேட்க உங்களுக்குக் கடமை இருக்கிறது, கொடுக்கும்படி அவர்களை நெருக்க உரிமை இல்லை. முதலில் அவர்கள் நம்பும் ஒருவர் மூலம் கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் அதை ஏற்றுக்கொண்டு வேறு ஊரில் தங்குங்கள். அங்கே ஆயரிடம் உண்மையைச் சொல்லிச் சபையில் சேருங்கள். பொறுப்பு எதுவும் கேட்காதீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, உழைத்துச் சாப்பிடுங்கள்.

அடிமையான ஒநேசிமுவை அவன் எஜமான் பிலேமோனிடம் பவுல் தனியாக அனுப்பவில்லை. அவன் பட்ட கடனை என் கணக்கில் வை என்று தன் கையால் எழுதிக் கொடுத்தனுப்பினார். உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். எந்த ஊருக்குப் போவதாக இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அங்குள்ள ஆயரைப் பார்க்க நானும் உங்களோடு வருகிறேன்.